வதனா எல்லையில் சொன்னது

1. பெயர் சொல்லிக் கூப்பிடாதே

குணம் அண்ணையின் ஒபிசில் நான் சேர்ந்த முதல் நாள் அவர் சொல்லித் தந்த விதிக்கும் விண்ணப்பங்களுக்கும் சம்பந்தமே இல்லை.

“ரோஸ், வெளியில இருக்கிற ஆக்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கிட்டப் போய்க் கையைக் காட்டு. இல்லாட்டி ரெக்ஸ்ட் பண்ணு.”

ஏன் என்று கேட்டேன்.

“இருந்து பார், விளங்கும்.”

எங்கள் ஒபிஸ் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது. கீழே ஒரு கொத்துரொட்டிக் கடையும் ஒரு நகைக்கடையும். கனடாவில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் அமெரிக்க மருத்துவப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்க உதவுவதுதான் எங்கள் தொழில். அதற்கு முன் நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவுப் பிரிவில் கிளார்க்காக இருந்தவள். பிள்ளைகளின் புள்ளிப் பட்டியல்களைப் பார்த்துப் பழகிய கண் என்பதால் அண்ணை எடுத்தார்.

எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் மருத்துவ இடங்கள் குறைவு. வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளைகளே வருடக்கணக்காகத் தட்டித் தட்டிக் களைத்துப் போவார்கள். அதனால் எல்லைக்கு அங்கால் பார்ப்பார்கள். அங்கேயும் வா வா என்று ஒருவரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. பல பள்ளிகள் கனடாப் பிள்ளைகளை எடுப்பதே இல்லை. எடுக்கிற பள்ளிகளில் சில எங்களை வெளிநாட்டவர் கணக்கில் வைக்கும், சில வைக்காது, இந்த வருடம் வைத்ததை அடுத்த வருடம் மாற்றும். முதலில் எம்கற் என்கிற நுழைவுச் சோதனை, பிறகு பொது விண்ணப்பம், பிறகு ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே கேட்கிற ‘செக்கண்டரி’ கட்டுரைகள். இவ்வளவும் தாண்டினால்தான் இன்டர்வியூ. இதில் எந்தப் படியில் கால் வழுக்கினாலும் அந்த வருடம் போய்விட்டது.

சேர்ந்து கொஞ்ச நாளிலேயே அண்ணையின் விதி விளங்கியது. ஒரு தாய் தன் மகனின் கட்டுரையைப் பற்றி என்னோடு கதைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாரோ படியேறி வருவதைக் கண்டதும் பேச்சு அறுந்தது. எழும்பி நேரே போட்டோக்கொப்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வந்தவர் அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி. அவரும் தன் மகளுக்காக, அக்காவுக்குத் தெரியக் கூடாது என்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு மார்க்கம் நகரிலிருந்து வந்திருந்தார். தங்கச்சி போகும்வரை அக்கா மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். நான் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன்.

அன்றைக்குச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. எங்கள் ஒபிசுக்கு வந்த பெற்றோர் எல்லாரும் பயந்துகொண்டுதான் வந்தார்கள். கிடைக்காவிட்டால் ஊர் சிரிக்கும், கிடைக்கப் போகிறது என்று தெரிந்தால் கண்ணூறு படும். ஆகவே கேட்பவர்களுக்கு, “அவள் இப்ப மாஸ்டர்ஸ் செய்யிறாள்” என்று ஒரு பதில் வைத்திருப்பார்கள். அப்படி நாளுக்கு நாலு பேரிடம் சொல்லி அந்தப் பதில் வாயில் ஊறிப்போயிருக்கும்.

2. நேர்த்தி

ஆரணி விண்ணப்பித்தது அது மூன்றாவது தடவை. கெட்டிக்காரி, ஆனால் வாய் குறைவு. முதல் இரண்டு தடவையும் ஒரு பள்ளியும் கூப்பிடவில்லை. மூன்றாவது தடவை ஒரே ஒரு பள்ளி இன்டர்வியூவுக்கு அழைத்தது. கொரோனாவுக்குப் பிறகு அநேகமான இன்டர்வியூக்கள் கம்ப்யூட்டரில்தான் நடக்கின்றன. இந்தப் பள்ளி நேரில் வரச் சொன்னது.

“இந்த முறையும் இல்லாட்டி நான் நிப்பாட்டுறன் அன்ரி. ஐ ஆம் டன்,” என்று ஆரணி என்னிடம் சொன்னாள். சும்மா சொல்லுகிற பிள்ளை இல்லை.

அவளுடைய தாய் வதனா மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்கிற இடத்தில் வேலை. தகப்பன் நீண்ட தூர ட்ரக் ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. அழைப்பு வந்ததும் வதனா செய்த முதல் வேலை, எல்லாருக்கும் சொல்ல ஒரு கதை உண்டாக்கியது. அமெரிக்காவில் ஒரு கோயிலில் நேர்த்திக்கடன் இருக்கிறது, மகளையும் கூட்டிக்கொண்டு போய்வரப் போகிறேன் என்று. வேலையிடத்தில் அதைத்தான் சொன்னார். புருஷனின் தங்கச்சிக்கும் அதைத்தான் சொன்னார். என்ன நேர்த்தி என்று மச்சாள் துருவியபோது அதற்கும் ஒரு கதை கட்டினார்.

இதற்கிடையில் வேலையிடத்தில் யாரோ, வேறு யாரையோ பற்றிய கதையில், “அமெரிக்காவில படிக்கிற எண்ணம் இருக்கெண்டு போடரில வாய் திறந்தா அவ்வளவுதான், திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள். வதனா அதை அப்படியே என்னிடம் கொண்டுவந்தார்.

“அப்பிடி ஒண்டும் இல்லை வதனா. இன்டர்வியூவுக்குப் போறது குற்றமில்லை. கேட்டா உண்மையைச் சொல்லுங்கோ,” என்றேன்.

“ஓம் அக்கா, ஓம்.”

எங்கள் ஆட்கள் இரண்டு தடவை ஓம் சொன்னால் கேட்டது ஏறவில்லை என்று அர்த்தம். ஆனாலும் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தேன்.

போகவிருந்த நாளில் பனி கொட்டியது. விமானம் ரத்து. தகப்பன் ட்ரக்கோடு அல்பேர்ட்டாவில் நின்றார். வதனா ஹைவேயில் கார் ஓட்டமாட்டார், ஆரணி பனிக்குள் ஓட்டிப் பழகவில்லை. குணம் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

“ரோஸ், நீ கொண்டுபோய் விட்டிட்டு வா. காருக்கு நான் பெற்றோல் அடிச்சுத் தாறன். அந்தப் பிள்ளைக்கு வேற வழியில்லை.”

அண்ணை தன் காசில் யாருக்கும் பெற்றோல் அடிக்கிற மனுசன் அல்ல. அதிலிருந்தே நிலைமை விளங்கியது.

3. கவுண்டர்

நயாகரா பக்கப் பாலத்தால் கடந்தோம். அமெரிக்க எல்லைப் பூத்தில் இருந்தவர் எங்கே, ஏன் என்று கேட்டார், நான் சொன்னேன்: பின்னால் இருக்கிற பிள்ளைக்கு மருத்துவப் பள்ளியில் இன்டர்வியூ, அருகில் இருப்பவர் தாய், நான் ஓட்டிக்கொண்டு போகிறேன். அவர் மூன்று பாஸ்போட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே போகச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. சில நேரம் அப்படி நடக்கும்.

உள்ளே ஒரு மண்டபம், வரிசையாகக் கதிரைகள், முன்னால் கவுண்டர்கள். போனைத் தொடக் கூடாது, எங்களுக்குள் கதைக்கக் கூடாது என்றார்கள். நரைத்த தலையுடைய ஓர் அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதலில் என்னை, பிறகு ஆரணியை. இரண்டு பேரும் ஒன்றையே சொன்னோம், ஏனென்றால் அதுதான் உண்மை. பிறகு வதனாவைக் கூப்பிட்டார். கதிரைக்கும் கவுண்டருக்கும் அதிக தூரமில்லை, எனக்கு எல்லாம் கேட்டது.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

“டெம்பிள்,” என்றார் வதனா.

அதிகாரி தலையை நிமிர்த்தினார். எந்த டெம்பிள் என்றார். வதனாவுக்குப் பெயர் வரவில்லை. உங்கள் மகள் அமெரிக்காவில் படிக்கப் போகிறாரா என்று கேட்டார்.

“நோ, நோ. கனடா ஸ்ரடி. ஒன்லி டெம்பிள்.”

அந்த மனுசன் சத்தம் போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. கணினியில் எதையோ தட்டினார், அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எல்லையில் வந்த காரணத்தைப் பொய்யாகச் சொல்வது சின்ன விஷயம் அல்ல. வாழ்நாள் முழுக்க அந்த நாட்டுக்குள் போக முடியாமல் பண்ணக்கூடிய விஷயம். நாங்கள் மூன்று பேரும் கூடிக் கதை கட்டிக்கொண்டு வந்தவர்கள் என்று அன்று அவர்கள் முடிவு செய்தால் ஆரணியும் திரும்ப வேண்டும், இன்டர்வியூ போகும். பிறகு வேறு பள்ளி எடுத்தாலும், மாணவர் பத்திரத்தோடு எந்தப் பாலத்தில் போய் நின்றாலும் அன்றைய பதிவு கணினியில் இருக்கும். எங்கள் வக்கீல் ஒருவர் முன்பு ஒரு தடவை சொல்லியிருந்தார்: பொய் சொன்னவர், பிடித்துக் காட்டுவதற்கு முன், தானாகவே அங்கேயே அதைத் திருப்பி எடுத்துக்கொண்டால் ஓரளவு தப்பலாம். தானாகவே என்பதுதான் முக்கியம். நான் எழும்பிப் போய் வதனாவுக்காகச் சொன்னால் அது எண்ணப்படாது. தமிழில் ஒரு சொல் சொல்லவும் வழியில்லை.

அதிகாரி ஆரணியைத் திரும்பக் கூப்பிட்டார். உன் தாய் வேறு காரணம் சொல்கிறார், யார் சொல்வது பொய் என்று கேட்டார்.

ஆரணி தாயைத் திரும்பிப் பார்த்தாள். அப்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அம்மா என்று சொன்னால் தாயைக் காட்டிக்கொடுத்தது போல. நான் என்று சொன்னால் தன் வாழ்க்கையைத் தானே வெட்டியது போல.

“என் அம்மா பயந்துபோயிருக்கிறார். நான் சொன்னதுதான் உண்மை,” என்றாள் ஆங்கிலத்தில்.

நான் எழும்பி, அவவுக்கு ஆங்கிலம் குறைவு, தயவுசெய்து தமிழில் கேளுங்கள் என்றேன். என்னை இருக்கச் சொன்னார். ஆனால் போனை எடுத்தார்.

4. போனில் ஒரு தம்பி

மொழிபெயர்ப்பாளரை ஸ்பீக்கரில் போட்டார்கள். வந்த குரல் எங்கள் ஊர்க் குரல்.

“வணக்கம் அம்மா. அதிகாரி கேக்கிறதை அப்பிடியே உங்களுக்குச் சொல்லுவன். நீங்கள் சொல்லுறதையும் அப்பிடியே அவருக்குச் சொல்லுவன்.”

எனக்கு மூச்சு வந்தது. அப்பாடா, இனித் தன் மொழியில் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். வதனாவைப் பார்த்தால் முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் வடிந்துபோயிருந்தது.

எதிரில் நிற்கிற வெள்ளைக்காரருக்கு வதனாவின் மச்சாளைத் தெரியாது. போனுக்குள் இருக்கிற தமிழனுக்குத் தெரிந்திருக்கலாம். அவன் ஸ்காபரோவில் இருக்கலாம், அடுத்த கிழமை ஒரு கலியாண வீட்டில் பக்கத்து மேசையில் இருக்கலாம்.

“தம்பி, நீங்கள் எந்த ஊர்?” என்றார் வதனா.

பிறகு அந்தத் தம்பி, தன் தொழில் விதிப்படி, அதையும் ஆங்கிலத்தில் அதிகாரிக்குச் சொன்னான்: நான் எந்த ஊர் என்று இவர் கேட்கிறார்.

அதிகாரியின் புருவம் ஏறியது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள் என்றார்.

“அம்மா, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டாம்.”

“ஓம் தம்பி. நீங்கள் இப்ப ரொறன்ரோவிலயோ இருக்கிறியள்?”

அதுவும் ஆங்கிலத்தில் போனது. ஆரணி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு இடமென்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று முடியவில்லை. ஒரு தாய், பிள்ளைக்குக் கண்ணூறு படக் கூடாது என்று, பிள்ளையின் வாழ்க்கையையே என் கண்ணுக்கு முன்னால் கிணற்றுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். இதுதான் கடைசித் தடவை, எங்கே போகிறீர்கள், ஏன் என்று கேட்டார்.

வதனா கவுண்டரின் விளிம்பைப் பிடித்தார். தமிழ்க் குரல் மொழிபெயர்த்து முடிக்கும்வரை காத்திருக்கவில்லை.

“சேர், பிளீஸ். போன் ஸ்ரொப். நோ தமிழ் மேன். ஐ ரெல் யூ.”

அதிகாரி அவரை நன்றாகப் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

“சேர், ஐ ரெல் லை,” என்றார் வதனா. “மை டோட்டர் நோ லை. ரோஸ் அக்கா நோ லை. ஐ லை. டோட்டர் கோ இன்டர்வியூ. டொக்டர் ஸ்கூல்.”

ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார்.

“இன் மை கன்ரி, ஆமி செக்பொயின்ற். தே ஆஸ்க், வெயார் கோ. வீ சே டெம்பிள். டெம்பிள் சே, தே லெற் கோ. அதர் ஆன்சர்…” அதற்கு மேல் அவருக்கு ஆங்கிலம் வரவில்லை.

மிச்சத்தை நான் சொல்லியிருக்கலாம். நான் மன்னாரில் வளர்ந்தவள். துவக்கோடு நின்றவன் எங்கே போகிறாய் என்று கேட்டபோதெல்லாம் நானும் கோயிலுக்கு என்றுதான் சொன்னேன். எங்களுக்கு மாதா கோயில், அவ்வளவுதான் வித்தியாசம்.

5. நீ போ

அதிகாரி நெடுநேரம் தட்டச்சுச் செய்தார். பிறகு முடிவைச் சொன்னார். மகளும் நானும் போகலாம். தாய் இன்றைக்கு உள்ளே வர விரும்பவில்லை என்று கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். தடை ஒன்றும் போடவில்லை, ஆனால் நடந்தது பதிவில் இருக்கும் என்றார். வதனாவிடம் ஆங்கிலத்தில் மெதுவாக, நீங்களே சொன்னது நல்லது என்றும் சொன்னார்.

காரைத் திருப்பிக் கனடாப் பக்கம் வந்து, பாலத்தடியில் இருந்த ஒரு கோப்பிக் கடையில் வதனாவை இறக்கினோம். குணம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“நீ பிள்ளையைக் கொண்டு போ,” என்றார். “வதனாவை நான் வந்து ஏத்திறன். நடந்ததை நான் ஒருதருக்கும் சொல்லமாட்டன் எண்டு அவவுக்குச் சொல்லு.”

ஆரணி காரில் ஏறமாட்டேன் என்று நின்றாள். “என்னால ஏலாது அன்ரி. அம்மாவ இஞ்ச தனிய விட்டிட்டு? திஸ் இஸ் இன்சேன்.”

“போ,” என்றார் வதனா. “நான் சொன்ன பொய்க்காக நீ நிண்டா, நான் என்னத்துக்கு அங்க உண்மை சொன்னனான்? போ பிள்ளை.”

இரண்டாவது தடவை பாலத்தில் ஏறினோம். பூத்தில் இருந்தவர் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், விட்டார்.

அடுத்த நாள் இன்டர்வியூ முடிந்து வெளியே வந்தாள். என்ன கேட்டார்கள் என்றேன்.

“எல்லாம் கேட்டவை. ஏன் டொக்டராக விருப்பம் எண்டு கேக்கேக்க அம்மா அந்தக் கடைக்குள்ள இருந்தது ஞாபகம் வந்திட்டுது. அழுகை வந்தது. அழயில்லை.”

முதலில் காத்திருப்புப் பட்டியலில் போட்டார்கள். வசந்தம் முழுவதும் வதனா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “என்னாலதானோ அக்கா?” இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. கோடை தொடங்கும்போது இடம் கிடைத்தது.

6. பாலத்துக்கு இந்தப் பக்கம்

படிக்கப் போகிற கனடாப் பிள்ளைக்கு விசா முத்திரை தேவையில்லை. பள்ளி தருகிற மாணவர் பத்திரத்தை எல்லையில் காட்ட வேண்டும். அங்கே பார்த்துத்தான் விடுவார்கள். ஆகவே மறுபடியும் பாலம்.

வதனாவும் போகலாம், உண்மையைச் சொன்னால் பிரச்சினை இருக்காது என்று வக்கீல் சொன்னார். வதனா கேட்கவில்லை.

“என்ர பேர் அங்க கிடக்கு அக்கா. நான் காருக்குள்ள இருந்தா பிள்ளையின்ர காரியமும் கெட்டுப்போகும்.”

தகப்பன் ஆரணியையும் அவளுடைய பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறினார். வதனா கேட்டுக்கொண்டதால் நான் அவரோடு கோப்பிக் கடை வாசலில் நின்றேன். நல்ல வெயில். அவர் என் கையைப் பிடித்தபடியே நின்றார். போய் நேரமாகிவிட்டது, போன் வரவில்லை. உள்ளே கூப்பிட்டிருப்பார்களோ என்று நான் நினைத்தேன், சொல்லவில்லை. அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

ஒரு வான் வந்து நின்றது. ஒரு தமிழ்க் குடும்பம் இறங்கியது. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு அந்தப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“எங்க அக்கா, நீங்களும் நயாகரா பாக்க வந்தனீங்களோ?”

ஓம் என்று ஒரு சொல் போதும். அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“இல்லைப் பிள்ளை,” என்றார் வதனா. “என்ர மகள் அமெரிக்காவில டொக்டருக்குப் படிக்கப் போறாள். இப்ப போடரில நிக்கிறாள். விடுவாங்களோ தெரியேல்லை. அதுதான் நிக்கிறன்.”

அந்தப் பெண் திகைத்துப்போனார். பிறகு கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“நல்ல விஷயம் அக்கா. ஆனா உதுகளை முன்பின் தெரியாத ஆக்களுக்குச் சொல்லாதேங்கோ. கண்ணூறு பட்டிடும்.”

“பட்டாப் படட்டும்.”

போன் அதற்குப் பிறகுதான் வந்தது. தகப்பன் ஒரு சொல்தான் சொன்னார்: “விட்டிட்டாங்கள்.” வதனா போனைக் காதில் வைத்தபடியே நடைபாதை விளிம்பில் குந்தியிருந்து அழுதார். அந்தப் பெண்தான் உள்ளே போய்த் தண்ணி வாங்கி வந்து கொடுத்தார்.

நான் இப்போது வேலையை விட்டுவிட்டேன். என் கதிரையில் இப்போது இருப்பவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் பொய் எழுதாதே என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும், கேட்பார்கள். பெற்றோருக்கு அது காணாது. அவர்கள் பொய் சொல்லி உயிர் தப்பியவர்கள். உண்மையைச் சொல்லியும் தப்பலாம் என்பதை அவர்கள் சொல்லிப் பழக வேண்டும். கட்டுரையைத் திருத்துவதற்கு முன் தாய் தகப்பனை முன்னால் இருத்தி, நீங்களே அதிகாரியாக நின்று கேளுங்கள். உண்மையை வாயால் சொல்லும்வரை விடாதீர்கள்.

ஆரணி நன்றாகப் படிக்கிறாள். வதனா அந்தப் பள்ளியை இன்னும் கண்டதில்லை. பட்டமளிப்புக்காவது போவீர்களா என்று போன கிழமை கேட்டேன்.

“உண்மையைச் சொன்னா விடுவாங்கள்தானே அக்கா?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

விடுவார்கள் என்றேன். அதைச் சொல்ல எனக்கும் பயமாகத்தான் இருந்தது.